தூங்கி எழுந்த கணினிக்கு மணி சொன்னவர்கள்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவள் மீனலோசனி. தந்தாள் என்றால் உட்கார வைத்துச் சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். தன் பழைய லேப்டாப்பை என் மடியில் வைத்து, “இதுல ஒரு ஃபைல் இருக்கு. பாரு. அப்புறம் தூக்கிப் போட்டுடு” என்றாள். ஃபைலில் மொத்தம் பதினோரு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு நேரம், எத்தனை நிமிடம் என்ற ஒரு எண். வேறு எதுவும் இல்லை. இவ்வளவு கொஞ்சம் சரக்கை வைத்துக்கொண்டு யாராவது கதை எழுதத் துணிவார்களா? நான் துணிந்துவிட்டேன்.

தொடக்கம்தான் மூன்று நாளாக உயிரை வாங்கியது.

[முதல் முயற்சி: “பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளின் மேல் மாலை வெயில்” — அடித்துவிட்டேன். வெயிலை இப்போதே உள்ளே விட்டால் கதை கெட்டுப்போகும். ஏன் என்பது பின்னால் தெரியும்.]

[இரண்டாம் முயற்சி: “லினக்ஸ் என்பது ஓர் இயங்குதளம். அதன் மென்பொருள் கடிகாரமானது” — இப்படி ஆரம்பித்தால் நானே எழுந்து காப்பி போடப் போய்விடுவேன்.]

மூன்றாவது இது. இதையே வைத்துக்கொள்கிறேன்: 1998 நவம்பரில், நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு, மீனலோசனியின் தங்கை பூமணிக்கு வலிப்பு திரும்ப வந்தது.

2

வீட்டில் மூன்று பேர். ரயில்வே அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற வீரசிங்கம். கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியின் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மகள் மீனலோசனி, வயது முப்பத்து நான்கு. இளையவள் பூமணி, இருபத்தொன்பது, ஒரு காப்புறுதிக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். அம்மா இல்லை. மூன்று பேருக்கும் சமையல் பூமணிதான். மற்ற இருவரும் சமைத்ததை ஒருமுறை சாப்பிட்டால் உங்களுக்கும் காரணம் புரியும்.

பூமணியின் வேலை அவள் குரலில் இருந்தது. ‘செலமாட் பாகி, குட் மார்னிங்’ என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை சொல்ல வேண்டும், முந்நூறாவதும் முதலாவது மாதிரியே இருக்க வேண்டும். 1994இல் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். வலிப்பு நின்றது, நாக்கும் தடித்துவிட்டது. சொற்கள் குழைந்தன. கம்பெனியில் அவளை மூன்று மாதம் ஃபைல் அறையில் தூசி தட்ட வைத்தார்கள். உடம்பு பழகி, நாக்கு திரும்பியபின் மறுபடி சுவிட்ச்போர்டில் உட்கார வைத்தார்கள். கூடவே மேனேஜர், “இன்னொரு தடவை இப்படின்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது லா” என்றார்.

இப்போது டாக்டர் மறுபடி கூட்ட வேண்டியிருக்கும் என்கிறார். பிப்ரவரி எட்டாம் தேதி திங்கள்கிழமை பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லி, அதுவரை ஒவ்வொரு வலிப்பும் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதிவரச் சொன்னார்.

எழுதினார்கள். அந்தத் தாள் ஒரு கூத்து. முதல் வலிப்பு ஆறு மணிக்கு என்றார் வீரசிங்கம். ஏழு இருக்கும் என்றாள் மீனலோசனி. அவள் கையில் கடிகாரம் கட்டித்தான் இருந்தாள், ஆனால் தங்கை தரையில் விழும்போது யார் தன் மணிக்கட்டைப் பார்ப்பார்கள்? பூமணியைக் கேட்டுப் பயனில்லை. அவள் கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வியே “மணி என்ன?” என்பதுதான்.

3

இனி மீனலோசனியைப் புகழப் போகிறேன். அளவாகப் புகழ முயன்று தோற்றுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்கள் பதறும்போது பதறாத ஒன்று வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். இம்பி கணினிச் சந்தையில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். உள்ளே செத்துப் போயிருந்த பட்டன் பேட்டரியை மாற்றினாள். கல்லூரியில் அச்சடித்த காகிதக் கட்டை வேலைக்குப் போய்வரும் கொமியூட்டர் ரயிலில் படித்துப் படித்து லினக்ஸ் ஏற்றினாள். சமையலறைக் குளிர்பெட்டி மேல் மூடி வைத்தாள். வலிப்பு வந்தால் மூடியைத் திறந்து எந்தப் பொத்தானையாவது தட்டினால் போதும், நேரம் பதிவாகும். முடிந்ததும் இன்னொரு தட்டு. மூடினால் கணினி தூங்கிவிடும், திறந்தால் விழிக்கும். நாள் முழுக்க விழித்திருக்க அந்தக் கிழட்டு பேட்டரிக்குத் தெம்பு கிடையாது.

முதல் இரண்டு பதிவுகளைப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டும் ஒரே தேதி, இடையில் ஒன்பது நிமிடம். உண்மையில் நடுவே ஆறு நாள் போயிருந்தது. கணினி தூங்கின நேரம் அதன் கணக்கில் இல்லை. மூடியபோது என்ன மணியோ அதிலிருந்தே விழித்தபின் எண்ண ஆரம்பித்திருக்கிறது.

“நம்ம பூமணி மாதிரியேதான்” என்றார் வீரசிங்கம். மீனலோசனி முறைத்தாள். ஆனால் அவர் சொன்னது சரி.

[பக்கக் குறிப்பு, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்: லேப்டாப்புக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்றை லினக்ஸ் தானே எண்ணிக்கொள்கிறது, கணினி தூங்கினால் அதுவும் நின்றுவிடும். இன்னொன்று பட்டன் பேட்டரியில் ஓடும் குட்டிக் கடிகாரம், அது தூங்குவதே இல்லை. ஆகவே விழித்தவுடன் முதல் வேலையாகக் குட்டிக் கடிகாரத்தைக் கேட்டு மணியைத் திருத்திக்கொள் என்று கணினிக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஒரே வரிக் கட்டளை. அந்த வரியை எந்த இடத்தில் எழுதுவது என்று கண்டுபிடிக்க மீனலோசனிக்குப் பதினொரு ரயில் பயணங்கள் பிடித்தன.]

வரியை எழுதி, கணினியை ஒருமுறை முழுசாக அணைத்துப் போட்டு, சோதித்தாள். பத்து நிமிடம் தூங்க வைத்தாள். எழுப்பினாள். சரியாகப் பத்து நிமிடம் கூடியிருந்தது. கழுத்தைத் திருப்பினால் சாமி அறைச் சுவர்க் கடிகாரம் தெரியும், பார்த்தாள். முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நிம்மதியாக மூடி வைத்தாள்.

அதன்பின் வந்த பதிவுகள் ஒழுங்காக இருந்தன. டிசம்பரில் ஆறு பதினெட்டு, ஜனவரியில் ஆறு இருபத்தாறு. மழை பெய்த மாலைகளில் எதுவும் இல்லை. டாக்டர் டெலிபோனில் கேட்டுவிட்டு, காலை மாத்திரையின் பலம் மாலையில் குறைகிறது, கூட்டத்தான் வேண்டும் என்றார். மீனலோசனிக்கு மனம் ஒப்பவில்லை. மாத்திரை குறைவதற்கு மழை என்றால் என்ன, வெயில் என்றால் என்ன? நான்கு நாள் அரை விடுப்பு எடுத்து, மாலை ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரை சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அங்கே வேறு என்ன நடக்கிறது என்று பார்க்க. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தார்கள். மேற்குச் சுவர்த் துளையில் புகை வெளியேற்றும் காற்றாடி சுற்றியது. அதற்கு மேலே தகரச் சாய்ப்பு நிழல் தந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆறே முக்காலுக்கு எழுந்து குளிக்கப் போனாள்.

தைப்பூச வாரம், ஜனவரி இருபத்தேழு, புதன்கிழமை. கீழ் வீட்டு நூருன்னிசா, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தன் அண்ணன் துணிக்கடையைப் பார்த்துக்கொள்பவள், பெருநாள் பலகாரம் கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திரும்ப வாங்க மாடி ஏறி வந்தாள். சமையலறை வாசலில் நின்று பேசினாள். பூமணி கரண்டியில் ரசம் எடுத்து ருசி பார்த்தாள். “அக்கா, மிளகு கொஞ்சம்” என்று திரும்பினாள். அடுப்புக்கு மேலே

5

“தூக்கலா இருக்கு” என்றாள், தரையில் படுத்தபடி. பிறகு அந்த வழக்கமான கேள்வி. “மணி என்ன?”

[நாலாம் பகுதி அச்சில் விட்டுப்போகவில்லை. அதை எழுத என்னால் முடியவில்லை. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் லைனில் இருங்கள்.]

நூருன்னிசாவின் மடியில் பூமணியின் தலை இருந்தது. மீனலோசனி குளிர்பெட்டி மேலிருந்த கணினியைப் பார்த்து, “ஆறு முப்பத்து நாலுக்கு ஆரம்பம்” என்றாள்.

“என்னது?” என்றாள் நூருன்னிசா.

“ஆறு முப்பத்து நாலு.”

“அதெப்படி மீனா? ஆறரைக்கு நான் பஸ்ஸுல நிக்கிறேன். கீழ பாசார்கிட்ட இறங்கும்போதே பத்து நிமிஷம் கம்மி ஏழு. நான் படியேறும்போது உங்க அப்பா ரேடியோல ஏழு மணி செய்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

“மிஷின் தப்பா சொல்லாது, நூரு. நானே செக் பண்ணேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

இந்த இடத்தில் மீனலோசனியின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். நூருன்னிசா இருபது வருடப் பழக்கம், லேப்டாப் இரண்டு மாதப் பழக்கம். ஆனாலும் அவள் லேப்டாப் பக்கம் நின்றாள். நூருன்னிசா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, “பூமணி, வரேன்டி” என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மீனலோசனி கூடத்துக்குப் போய் அங்கிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு பதினைந்து. திரும்பி வந்து கணினியைப் பார்த்தாள். ஆறு நாற்பத்தைந்து. சாமி அறைக்குத் திரும்பினாள். ஆறு நாற்பத்தைந்து.

“அப்பா” என்றாள். “இங்க வாங்க.”

6

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். 1982 புத்தாண்டு அன்று இங்கே தீபகற்பம் முழுவதும் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். அரசாங்க உத்தரவு. வீரசிங்கம் அரசாங்க ஊழியர், அலுவலகத்தில் முதல் ஆளாகத் தள்ளி வைத்தார். வீட்டுக் கூடத்தில் தள்ளி வைத்தார். சாமி அறையில் மட்டும் கை வைக்கவில்லை. விளக்கு ஏற்றுவது, ராகு காலம் பார்ப்பது எல்லாம் பழைய மணியில்தான். பதினேழு வருடமாக அந்த வீட்டில் அப்படித்தான். சாமி அறைக் கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள் மனசுக்குள் அரை மணி கூட்டிக்கொள்வார்கள், கூட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல். ஆகவே கணினியும் சாமி அறையும் ஒரே மணி காட்டியபோது மீனலோசனிக்கு அது சரியாகவே பட்டது. கணினியில் தெரிந்ததோடு அரை மணி கூட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

“அப்பா, இந்த லேப்டாப்பை முதல்ல திறந்தப்போ நீலத் திரை வந்து மணி கேட்டுச்சே. நான் பேட்டரி மூடியைப் பிடிச்சுக்கிட்டு உங்ககிட்ட மணி என்னன்னு கேட்டேன். நீங்க எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னீங்க?”

வீரசிங்கம் யோசித்தார். “நான் எங்க உட்கார்ந்திருந்தேன்?”

“சாமி அறையில. திரி திரிச்சுக்கிட்டு.”

“அப்ப அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பேன்.”

“அரை மணி கூட்டிச் சொல்லியிருக்கலாமே அப்பா.”

“நீ கணினிக்குன்னு சொல்லலையே மா. சாமிக்கிட்ட உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட மணி கேட்டா சாமி நேரம்தான் வரும்.” அவர் குரல் இறங்கியது. “சாமிக்கு யாரும் சர்க்குலர் அனுப்பலையேன்னு விட்டுட்டேன். இப்படி ஆகும்னு தெரியாதே. புள்ளைக்கு ஏதாவது கெடுதலாயிடுச்சா?”

“இல்லப்பா. ஆகலை. இன்னும் ஆகலை.”

அவரைத் திட்டவில்லை. அதையும் என் புகழ்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நேராகக் கீழே இறங்கிப் போய் நூருன்னிசாவிடம் மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வந்து, பூமணியை டெலிபோன் பக்கத்தில் உட்கார வைத்து, மணி சொல்லும் எண்ணைச் சுழற்றச் சொன்னாள். அந்த எண் ஆபரேட்டர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். பூமணி ரிசீவரைக் காதில் வைத்து, “அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, இப்ப” என்றாள். மீனலோசனி தட்டினாள். இம்முறை முதலில் லினக்ஸின் மணி திருந்தியது. அதைப் பார்த்துக் குட்டிக் கடிகாரமும் திருந்தியது, அதற்கும் ஒரே வரி. பிறகு தூங்க வைத்தாள், எழுப்பினாள், டெலிபோனோடு ஒத்துப் பார்த்தாள். மூன்று தடவை. சாமி அறைப் பக்கம் திரும்பவே இல்லை.

7

இனி மறைக்க முடியாது. கணினியை எனக்குத் தந்தாள் என்றேன், ஒரு தோழி போல. தோழி என்பது பொய். பூமணி நான்தான்.

படர்க்கையில் எழுதினால் நாலாம் பகுதியை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பூமணி விழுந்தாள், பூமணியின் கை இப்படி இழுத்தது, அக்கா இதைச் செய்தாள் என்று. முடியவில்லை. நான் அங்கே இல்லை. அந்தப் பதினோரு வரிகளில் இருக்கிற நிமிடங்கள் எல்லாம் என் உடம்பில் நடந்தவை, ஆனால் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எனக்கு ‘மிளகு கொஞ்சம்’, உடனே ‘தூக்கலா இருக்கு’. நடுவில் ஒன்றும் கிடையாது. நடுவில் இருந்தது எல்லாம் அக்காவிடம் இருக்கிறது. அவளிடம் கேட்டால், “எதுக்குடி அதெல்லாம்” என்பாள்.

நான் விழிக்கும்போது மணி என்ன என்று கேட்பது தெரிந்துகொள்ள அல்ல. பயத்தில் கேட்பது. எவ்வளவு போயிற்று, நான் இல்லாமல் என்ன எல்லாம் நடந்தது என்ற பயம். அதற்கு ஒரு நல்ல பதில் வேண்டும் என்பதற்காகத்தான் ஒருத்தி பதினொரு ரயில் பயணம் காகிதம் படித்தாள். இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய்தான், அவள் முன்னால் மட்டும் அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

சரி, வெயிலுக்கு வருவோம்.

பிப்ரவரி இரண்டாம் தேதி அக்கா மறுபடி நாற்காலி போட்டாள். இந்த முறை ஆறே முக்காலுக்கு எழுந்திருக்கவில்லை. என்னை நூருன்னிசா வீட்டில் உட்கார வைத்துவிட்டு, தனியாக, ரசம் கொதிக்கிற மாதிரி வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஏழு மணிக்குச் சூரியன் தகரச் சாய்ப்புக்குக் கீழே இறங்கியது. ரயில்வே நிலத்துப் பக்கம் பழைய கொட்டகைகளைப் போன வருடம்தான் இடித்திருந்தார்கள், மறைக்க ஒரு கட்டடமும் இல்லை. ஏழு நாலுக்கு வெயில் நேராகக் காற்றாடிக்குள் புகுந்தது. சுற்றுகிற தகடுகள் அதை வெட்டி வெட்டி உள்ளே எறிந்தன. அடுப்புச் சுவர் முழுவதும் வெளிச்சமும் இருட்டுமாகத் துடித்தது. நல்ல உடம்புக்காரி அக்கா, அவளுக்கே தலை சுற்றியது. சுவிட்சைத் தட்டி நிறுத்தினாள்.

கீழே நூருன்னிசா வீட்டுக்கு வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நூருன்னிசாதான், “என்ன மீனா, சொல்லேன்” என்றாள்.

“மழை வந்தா ஏன் வரலைன்னு கண்டுபிடிச்சுட்டேன்” என்றாள் அக்கா.

8

முடிவு. இங்கேதான் என் மூன்று முயற்சிகளும் குப்பையில் விழுந்தன.

ஒரு முடிவு: எட்டாம் தேதி அக்கா திருத்திய பட்டியலை டாக்டர் முன் வைத்தாள். பழைய பதிவுகளில் அரை மணி தவறு எப்படி வந்தது என்று ஒளிக்காமல் சொன்னாள், சாமி அறை உட்பட. டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் காற்றாடியைப் பற்றி இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். இப்படித் துடிக்கிற வெளிச்சமே சிலருக்கு வலிப்பைக் கிளப்பும் என்றார், மாத்திரையைக் கூட்டவில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்றார். இது நடந்தது. மறுநாள் காலை நான் சுவிட்ச்போர்டில் உட்கார்ந்து, முதல் ‘செலமாட் பாகி’யைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துச் சொன்னேன்.

இன்னொரு முடிவு: அப்பா சாமி அறைக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார். இது நடக்கவில்லை. ஏணி போட்டு ஏறினார், உண்மை. அக்காதான் இறங்கச் சொன்னாள். “அது சாமிக்குச் சரியாத்தான் இருக்கு. விடுங்க” என்றாள். ஆனால் இப்போது யார் மணி கேட்டாலும் அப்பா, “உனக்கா, சாமிக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்.

மூன்றாவது: பூமணிக்கு வலிப்பு அதன்பிறகு வரவே இல்லை

[இந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க எனக்குத் தைரியம் இல்லை. காற்றாடித் துளையை அடைத்துவிட்டோம். ஏழு மாதம் ஆயிற்று, வரவில்லை. இதை எழுதுகிற நிமிடம் வரை. எழுதாத நிமிடங்களைப் பற்றி நான் எப்படிச் சொல்வது?]

லேப்டாப்பைத் தூக்கிப் போடச் சொன்னாள் அல்லவா அக்கா. போடவில்லை. ஞாயிறுதோறும் திறந்து, டெலிபோனில் மணி கேட்டு, ஒத்துப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நாலு விநாடி பின்தங்குகிறது. திருத்திவிட்டு மூடுகிறேன். அக்காவுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

போன மாதம் அவளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை பந்திங்கில் பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். இரண்டு வருடமாகக் காத்திருந்தாராம், எனக்காகத்தான் அவள் தள்ளிப் போட்டிருக்கிறாள். எனக்கு இது நிச்சயதார்த்தத்தன்றுதான் தெரியும். தை பிறந்ததும் போய்விடுவாள். லேப்டாப்பை என் மடியில் வைத்ததும் அந்த நிச்சயதார்த்தத்தன்றுதான். தூக்கிப் போடு என்றால், இனிமேல் உனக்கு இது வேண்டாம் என்று அர்த்தம். வேண்டாம் என்று அவள் நம்புகிறாள். நானும் நம்பத்தான் பார்க்கிறேன்.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். பெரிய வேலை இல்லை. இந்தக் கதையை நான் எங்கேயாவது பாதி வாக்கியத்தில் விட்டால், நீங்கள் பதற வேண்டாம். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், காத்திருங்கள். நான் விழித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்பேன். கையில் இருக்கிற கடிகாரத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டு, சரியான பதிலைச் சொல்லுங்கள்.

எங்கே, ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம். மணி என்ன?